அந்தோ என்றால் போனான்

இத்தாலிய மொழியில் ‘நான்’ என்பதற்கு ஈயோ என்று சொல்ல வேண்டும். ‘நீ’ என்பதற்குத் தூ. ‘நாங்கள்’ என்றால் நோய். ‘நீங்கள்’ என்றால் வோய். செவிலியர் படிப்பு முடித்த பெண் ஒருத்தி விடிந்ததும் விடியாததுமாகத் திண்ணையில் உட்கார்ந்து, “ஈயோ, தூ, நோய், வோய்” என்று உரக்கப் பாடம் பண்ணினால் தெருவில் போகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? எலவனாசூர்கோட்டையில் நினைப்பதோடு நிறுத்திக்கொள்ள மாட்டார்கள். உள்ளே வந்து கேட்பார்கள். “பாப்பாவுக்கு ஒடம்பு சரியில்லையா?” என்றார் எதிர்வீட்டுக்காரர். பால் ஊற்ற வந்தவர் ஒருபடி மேலே போய், வேப்பிலை அடிக்கிறவர் ஒருவரின் செல்போன் எண்ணையே கொடுத்துவிட்டுப் போனார்.

அவள் என் அக்கா மகள். கூடப் படித்தவர்கள் வளைகுடா, ஜெர்மனி என்று கிளம்ப, இவள் மட்டும் இத்தாலிதான் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அங்கே முதியவர்கள் அதிகம், பிறக்கிற பிள்ளைகள் குறைவு, பார்த்துக்கொள்ள ஆள் பற்றாக்குறை. ஆனால் செவிலியராகப் பதிவுசெய்துகொள்ள அந்த ஊர் மொழி தெரிந்திருக்க வேண்டும். நியாயம்தான். ஊசி எல்லா ஊரிலும் ஒரே மாதிரி குத்தும், “வலிக்குமாம்மா?” என்று கிழவர் கேட்டால் அவர் பாஷையில்தானே பதில் சொல்ல வேண்டும்.

மொழி வகுப்பு இணையத்தில். ஆசிரியை தெற்கு இத்தாலிக்காரி. பாடம் ஒப்பிப்பது என்னிடம். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன் என்பதால், இலக்கணம் என்று எது வந்தாலும் அது என் இலாகா என்று வீட்டில் ஒரு தீர்மானம் உண்டு. சட்டாம்பிள்ளை வேலைக்கு மொழி தெரிய வேண்டியதில்லை. புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டால் போதும். அதில் எனக்கு அனுபவம் உண்டு.

புத்தகத்தைத் திறந்த பிறகுதான் விஷயத்தின் ஆழம் தெரிந்தது. இத்தாலிய வினைச்சொல் ‘மோதோ’ என்று ஏழு பாங்குகளில் நடக்கிறது. உள்ளதை உள்ளபடி சொல்ல ஒரு பாங்கு. அதற்குள் மட்டும் எட்டுக் காலம். சந்தேகம், ஆசை, அச்சம் இவற்றுக்குத் தனியாக ஒரு பாங்கு. அதற்கு நான்கு காலம். ‘இப்படி இருந்தால் அப்படி ஆகும்’ என்பதற்கு ஒன்று, அதற்கு இரண்டு. ஏவலுக்கு ஒன்று. எச்சம், தொழிற்பெயர் போன்றவற்றுக்கு மூன்று. காலத்துக்கு ஆறு இடம் வீதம் நான் தாளில் போட்டுப் பெருக்கினேன். முதல் மூன்று பாங்குக்கு 84. ஏவலில் ‘நான்’ கிடையாது என்பதால் 5. மிச்ச மூன்று பாங்குக்கும் சேர்த்து 6. ஆக 95. ஒரே ஒரு சொல்லுக்கு! ‘போ’ என்ற ஒன்றைப் போகவிடுவதற்கு 95 வழி. தொல்காப்பியர் இதைப் பார்த்திருந்தால் வினையியலை இன்னும் கொஞ்சம் நீட்டியிருப்பார்.

இறந்தகாலத்துக்கு மட்டும் ஐந்து வகை எதற்கு என்று அக்கா கேட்டாள். கேட்டது என் அம்மா உட்கார்ந்திருந்த திண்ணையில் என்பதால் விளக்குவது சுலபமாகப் போயிற்று. அம்மா பிறந்தது தென்னார்க்காடு மாவட்டத்தில். 1993-இல் விழுப்புரம் மாவட்டத்துக்குக் குடிவந்தார். 2019 நவம்பரிலிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் வசிக்கிறார். இவ்வளவும் ஒரே வீட்டில், ஒரே திண்ணையில். ‘தென்னார்க்காடாக இருந்தது’ ஒரு காலம், ‘விழுப்புரமாக ஆனது’ ஒரு காலம், ‘விழுப்புரமாக ஆனபோது தென்னார்க்காடாக இருந்து முடிந்திருந்தது’ இன்னொரு காலம். அக்கா எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

முதலில் ஒப்பித்த வினை ‘அந்தாரே’. போதல் என்று பொருள். வாதோ என்றால் போகிறேன். வாய் என்றால் போகிறாய். வா என்றால் போகிறான்.

இதில்தான் சிக்கல். அக்கா மகள் “வாதோ, வாய், வா!” என்று முடிக்கும்போதெல்லாம் கொல்லையில் இருக்கும் அம்மா, “தோ வரன்டி” என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்பார். “ஒண்ணுமில்ல ஆயா, நீ போ” என்று அனுப்பிவைப்பாள். மறுபடி, “வாதோ, வாய், வா!” மறுபடி அம்மா. கடைசியில் அவருக்குக் கோபம் வந்தது. “கூப்புடறது நீ, போவச் சொல்றதும் நீ. என்னா பாடம்டி இது?” வா என்றால் போகிறான் என்று விளக்கிப் பார்த்தோம். “அப்ப வரச் சொல்றதுக்கு என்னா சொல்லுவாங்க?” “வியேனி ஆயா.” “வேணி யாரு?” என்றார் அம்மா.

அடுத்தது ‘அவேரே’, உடைமை வினை. ஓ, ஆய், ஆ. எழுத்தில் முன்னால் ஒரு ஹகரம் இருக்கிறது, உச்சரிப்பில் கிடையாது. பல் பிடுங்குகிற இடத்தில் கேட்கும் வரிசை இது. பால்காரர் இப்போது தெருமுனையிலேயே சைக்கிளை நிறுத்தி, சொம்பைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போக ஆரம்பித்தார்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆங்கிலம் பேசுகிறவன் தடுமாறும் பல இடங்களில் இந்தப் பெண் கையை வீசிக்கொண்டு நடந்தாள். விகுதியிலேயே ஆள் தெரிவதால் ‘நான்’, ‘நீ’ தேவையில்லை என்பதை இத்தாலியப் புத்தகங்கள் பெரிய ரகசியம் மாதிரி சொல்கின்றன. “போறேன்” என்றால் யார் போவது என்று எலவனாசூரில் எவன் கேட்கிறான்? ‘எனக்குக் காபி பிடிக்கும்’ என்பதை அவர்களும் நம்மைப்போலவே நான்காம் வேற்றுமையில்தான் சொல்கிறார்கள். காபிதான் எழுவாய், நாம் வெறும் ‘எனக்கு’. இதைப் புரிந்துகொள்ள மற்ற மாணவர்களுக்கு ஒரு வகுப்பு பிடித்ததாம். இவள் அந்த நேரத்தில் காபியே குடித்துவிட்டு வந்தாள்.

சறுக்கியது ஓரிடத்தில். ‘நான் சாப்பிட்டேன்’ என்பதை உடைமை வினையைத் துணைக்கு வைத்துச் சொல்ல வேண்டும்: ஓ மாஞ்ஜாத்தோ. சாப்பிட்டது ஆணா பெண்ணா என்று மொழி கேட்பதில்லை. ‘நான் போனேன்’ என்பதற்கோ துணைவினை வேறு. அங்கே ஆண் போனால் அந்தாத்தோ, பெண் போனால் அந்தாத்தா. பிறப்பது, இறப்பது, வருவது, போவது, தங்குவது எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்குத்தான். நம் தன்மை ஒருமையில் இந்தத் தொல்லை இல்லை. ‘போனேன்’ என்றால் யார் வேண்டுமானாலும் போயிருக்கலாம். இதை நான் அம்மாவுக்கு எடுத்துச் சொன்னேன். வெளியே போனால் ஆண், பெண் பார்க்கிறார்கள், சாப்பிட்டால் பார்ப்பதில்லை. அம்மா கொஞ்ச நேரம் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“வெளிய போனா இங்கயுந்தான் பாக்கறாங்க. சாப்புடறதுலயாவது அந்த ஊர்ல பாக்காம இருக்கறாங்களே” என்றார்.

நான் அன்று எல்லோருக்கும் கடைசியாகச் சாப்பிட்டேன்.

‘அந்தாத்தா’ வேறு ஒரு வினையும் செய்தது. இவள் “ஸோனோ அந்தாத்தா” என்று சொல்லும்போதெல்லாம் அம்மா காதில் அது ‘அந்தத் தாத்தா’ என்று விழுந்தது. அந்தத் தாத்தா, அதாவது என் அப்பா, காலமாகிப் பல வருஷம் ஆகிறது. ஆனாலும் அவர்மேல் அம்மாவுக்கு ஒரு வழக்கு நிலுவையில் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் ஊர்ச் சாமி அர்த்தநாரீஸ்வரர். சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ள பழைய கோயில். அம்மா பிரதோஷத்துக்குப் போய்த் திரும்பி வந்தவர், வாசலிலேயே ஒரு கேள்வியோடு நின்றார். “ஏன்டி, நம்ம சாமி பொறப்பாடு போயிட்டு வந்து அந்த பாசையில ‘போனேன்’னு சொன்னா, எந்த போனேன் சொல்லும்? பாதி ஆம்பள, பாதி பொம்பளயாச்சே?”

உலகத்தில் எந்த இலக்கண ஆசிரியனும் இந்தக் கேள்விக்குத் தயாராக இருந்திருக்க மாட்டான். நான் நன்னூல் பக்கம் சாய்ந்து, திணை வழுவமைதி, பால் வழுவமைதி என்று ஏதோ இழுத்தேன். அக்கா மகள் இத்தாலிய விதியைப் பார்த்தாள். ஆணும் பெண்ணும் சேர்ந்து போனால், நூறு பெண்களுக்கு நடுவே ஒரே ஒரு ஆண் இருந்தாலும், ஆண்பால் பன்மைதான். அம்மா முகம் மாறியது. “சாமியில சரிபாதி அம்மா. அப்பறம் எப்படி ஆம்பள பேர்ல எழுதுவாங்க?” நிலப்பட்டா விஷயம் மாதிரியே கேட்டார். “சரி, அந்த ஆம்பள பன்மை என்னான்னு சொல்லு.”

“அந்தாத்தி, ஆயா.”

“அந்த ஆத்தி,” என்று அம்மா சொல்லிப் பார்த்தார். “அம்மன் பேரு மாதிரிதான் இருக்குது. போவட்டும்.”

சேய்மை இறந்தகாலம் என்று ஒன்று. முடிந்துபோன, இன்றைக்கு ஒட்டு உறவு இல்லாத காலம். வரலாற்று நூல்களிலும் கதைகளிலும் வரும். இதில் ‘அவன் போனான்’ என்பதற்கு அந்தோ என்று பெயர். நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்சம் நடந்துவிட்டு வந்தேன். நம் ஊரில் ஒருவர் போய்ச் சேர்ந்ததும் சுவரொட்டியில் எதைப் போடுகிறோமோ அதே சொல், அதே வேலையை, அங்கே இலக்கணமாக உட்கார்ந்து செய்துகொண்டிருக்கிறது. மொழியியலாளர்கள் இதைத் தற்செயல் என்பார்கள். தற்செயல்தான். ஆனாலும் மற்ற 94 வடிவத்தையும் மறந்த பிறகு எனக்கு இது ஒன்று நினைவிருக்கும்.

வட இத்தாலியில் இந்தக் காலத்தைப் பேச்சில் கிட்டத்தட்டக் கைவிட்டுவிட்டார்கள். போன நூற்றாண்டில் நடந்ததையும் அண்மை இறந்தகாலத்தில் சொல்வார்கள். தெற்கே சிசிலியில் நேர்மாறு. காலையில் குடித்த காபியைக்கூடச் சேய்மையில் வைத்துப் பேசுவார்கள். சிசிலித் தலைநகர் பலெர்மோவில் இலங்கைத் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஊரைக் காக்கும் புனித ரொசாலியாவை, கிறித்தவர், சைவர் என்று பாராமல், பெல்லெக்ரினோ மலையேறிப் போய்க் கும்பிடுகிறவர்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் அம்மாவிடம் தமிழில் ‘போனான்’ என்று சொல்லிவிட்டு, தெருவில் இறங்கியதும் சிசிலிக்காரப் பிள்ளைகளோடு சர்வசாதாரணமாக ‘அந்தோ’ என்று சொல்லிக்கொண்டு திரிவார்கள் என்று நினைக்கவே நன்றாக இருக்கிறது.

தமிழர் இத்தாலிய வினைக்குப் பயந்து நிற்பதை நான் ஒரு பழைய கடனைத் தீர்ப்பதாகவே பார்க்கிறேன். கடன் கொடுத்தவர்கள் இத்தாலியர்கள். 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி முதல் ஆள். அடுத்து, மாந்துவாவுக்குப் பக்கத்தில் காஸ்திலியோனேயில் 1680-இல் பிறந்த கொன்ஸ்தான்சோ ஜுசேப்பே பெஸ்கி. நம் வீரமாமுனிவர். முப்பது வயதுவாக்கில் இங்கே வந்து இறங்கி, தமிழ் ‘வா’வை முதல் தடவை பார்த்தபோது அந்த மனிதர் என்ன பாடுபட்டிருப்பார்! ‘வா’ என்று கூப்பிடுகிறார்கள். வந்தவன் ‘வந்தான்’. வந்துகொண்டிருப்பவன் ‘வருகிறான்’. அவர் ஊர்மொழியில் ‘வா’ என்றால் போகிறான். என் அம்மா அவதிப்பட்டதெல்லாம் ஒரு அவதியா?

ஆனால் அவர் எதிர்வினை வேறு மாதிரி இருந்தது. 1726-இல் தேம்பாவணி. இந்த மொழியில் காப்பியம் எழுதிய கையோடு, இதைப் படிக்கப்போகும் அடுத்த பாவப்பட்ட பாதிரிகளுக்காக, பேச்சுத்தமிழுக்கு லத்தீனில் ஓர் இலக்கணம்; செந்தமிழுக்குத் தனியாக இன்னொன்று. பேச்சுத்தமிழ் இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. தமிழருக்கென்று தமிழில் ஐந்திலக்கணம் சொல்லும் தொன்னூல் விளக்கம். போதாதென்று 1732-இல் சதுரகராதி. நடுவில் இளைப்பாறப் பரமார்த்த குருவின் கதை. பேச்சுத்தமிழுக்கும் எழுத்துத்தமிழுக்கும் தனித்தனி இலக்கணம் வேண்டும் என்று 300 ஆண்டுக்குமுன் ஓர் இத்தாலியருக்குத் தெரிந்திருக்கிறது. இன்றைக்கும் நம் பாடநூல்களுக்கு முதலாவது இருப்பதே தெரியாது. இதைச் சொன்னால் என் பழைய சகாக்கள் கோபப்படுவார்கள், சொல்லிவிட்டேன்.

அவர் எங்கள் பக்கத்து ஆள் என்றும் எனக்கு ஓர் உரிமை உண்டு. உளுந்தூர்ப்பேட்டை தாண்டி விருத்தாசலம் பக்கமாகப் போனால் கோணான்குப்பம். பெரியநாயகி மாதா கோயில் அவர் எழுப்பியது. இன்னும் தெற்கே, அரியலூர்ப் பக்கம் ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதா. ‘அப்ப எலவனாசூர்ல ஒண்ணும் கட்டலியா?’ என்று அக்கா கேட்டாள். கட்டவில்லை. ஆனால் ஒன்று செய்திருக்கிறார். எகரத்துக்குப் புள்ளி, ஏகாரத்துக்குப் புள்ளி இல்லை என்று ஓலையில் குழம்பிக்கிடந்ததை மாற்றி, நெடிலுக்குக் காலும் சுழிக்கொம்பும் போட்டவர் அவர் என்றுதான் சொல்கிறார்கள். எலவனாசூருக்கு எ, ஏலாக்குறிச்சிக்கு ஏ என்று பஸ் போர்டில் பிரித்துப் படிக்கிறோமே, அது அந்த இத்தாலியர் உபயம்.

வீரமாமுனிவர் கதையைக் கேட்டதும் அக்கா மகளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. வந்த வேகத்தில் போயிற்று, ஏனென்றால் அடுத்த பாடம் ‘கொஞ்ஜுந்தீவோ’. சந்தேகப் பாங்கு.

‘அவன் போகிறான்’ என்றால் வா. ‘அவன் போகிறான் என்று நினைக்கிறேன்’ என்றால் அதே வா வராது. வாதா என்று திரிய வேண்டும். நினைப்பு, நம்பிக்கை, பயம், ஆசை எது முன்னால் வந்தாலும் பின்னால் வரும் வினை உறுதியை இழந்து சாய்ந்துவிட வேண்டும். இதில் ஒரு வேடிக்கை. நிகழ்காலத்தில் நான் வாதா, நீ வாதா, அவனும் வாதா. சந்தேகம் என்று வந்துவிட்டால் தன்மை, முன்னிலை, படர்க்கை எல்லாம் ஒன்றுதான். குடும்பச் சொத்துத் தகராறு பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

இத்தாலியர்களே இதில் தப்பு விடுகிறார்கள் என்பதுதான் ஆறுதல். 1975-இல் வந்த ‘ஃபந்தோஸ்ஸி’ படத்தில் இரண்டு குமாஸ்தாக்கள் டென்னிஸ் ஆடப் போய், இந்தப் பாங்கைக் கொலைசெய்துவிட்டு, சரியாகப் பேசிவிட்டோம் என்று பெருமைப்படும் ஒரு காட்சி அந்த நாட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். 2018 சான்ரேமோ இசைவிழாவில் ஒருவர் இந்தப் பாங்கைப் பற்றியே ஒரு பாட்டுப் பாடினார். நம் ஊரில் வியங்கோள் வினைமுற்றுக்கு யாரும் மெட்டுப் போட்டதாகத் தெரியவில்லை.

சந்தேகத்தைச் சொல்ல எங்கள் ஊரில் தனிப் பாடம் தேவையில்லை. பஸ் ஏறினால் போதும். சென்னையிலிருந்து சேலம் போகும் பஸ்ஸில் ஏறி, “எலவனாசூர் நிக்குமா?” என்று கேளுங்கள். பஸ் காலியாக இருந்தால், “நிக்கும், ஏறு.” பாதி நிரம்பியிருந்தால், “நிக்கலாம், பாப்போம்.” நிரம்பிவிட்டால், “பைபாஸ்ல வேணா எறங்கிக்க.” ஒரே நடத்துனர், ஒரே வினை, மூன்று பாங்கு. இத்தாலியருக்கு இதை விகுதியில் காட்டத் தெரியும். நம்மவர் புருவத்தில் காட்டிவிடுவார்.

எதிர்காலப் பாடத்தில் அவளுக்கு நூற்றுக்கு நூறு. மணி எட்டா என்று சரியாகத் தெரியாதபோது இத்தாலியர் எதிர்காலத்தில் சொல்வார்கள்: எட்டு இருக்கும். ஆங்கிலக்காரனுக்கு இது விநோதம். நாம் பிறந்ததிலிருந்து இதைத்தான் செய்கிறோம். கோமுகி ஆற்றில் தண்ணீர் வந்தால் எங்கள் பக்கத்தில் யாரும் வானிலை அறிக்கை தேடுவதில்லை. “கல்வராயன் மலையில மழை பெஞ்சிருக்கும்” என்பார்கள். பெய்து முடிந்த மழைக்கு எதிர்காலம்! இத்தாலியப் புத்தகத்தில் இது எதிர்காலத்துக்குள் ஓர் இறந்தகாலம் என்று தனித்தலைப்பில் நான்கு பக்கம் வருகிறது. பாலத்தில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டே எங்கள் ஆட்கள் சொல்லிவிடுகிற விஷயம்.

அதைவிடச் சுகமான கண்டுபிடிப்பு ஒன்று. இத்தாலியப் பத்திரிகைக்காரர்கள் உறுதிசெய்யாத செய்தியை நிபந்தனைப் பாங்கில் எழுதுவார்கள். அமைச்சர் ராஜினாமா செய்தார் என்று எழுதாமல், ‘செய்திருப்பார்’ என்பதுபோல ஒரு வடிவத்தில் எழுதிவிட்டால், பொறுப்பு செய்தித்தாளுக்கு இல்லை. நமக்கு அதற்கு இரண்டே எழுத்து போதும். ‘ஆம்’. செய்தாராம். போனாளாம். வித்துட்டாங்களாம். கோட்டைக் கடைத்தெருவில் காலையில் கிடைக்கும் தகவல்களில் இந்த ஆம் ஒட்டாதது, டீயின் விலை ஒன்றுதான்.

மரியாதைக்கும் அவர்களிடம் ஒரு விசித்திரம். பெரியவர்களை ‘நீங்கள்’ என்று கூப்பிட மாட்டார்கள், லேய் என்பார்கள். ‘அவள்’ என்ற சொல்லே அது. மீசை வைத்த மாஜிஸ்திரேட்டானாலும் மரியாதைக்கு அவள்தான், வினையும் படர்க்கையில். இது ஆண்மைக்கு இழுக்கு என்று தோன்றியோ என்னவோ, 1938-இல் பாசிச அரசு லேயைத் துரத்திவிட்டு எல்லோரும் வோய் என்றுதான் பேச வேண்டும் என்று இயக்கம் நடத்தியது. ‘லேய்’ என்ற பெயரில் வந்துகொண்டிருந்த பெண்கள் பத்திரிகை ஒன்று, அந்த லேய் வெறும் ‘அவள்’தான் என்றாலும், பயந்துகொண்டு ‘அன்னபெல்லா’ என்று பெயரை மாற்றிக்கொண்டது. முசோலினி போனார் (அந்தோ). லேய் திரும்பி வந்துவிட்டது.

எதிரே நிற்பவரைப் படர்க்கையில் பேசுவதா என்று நான் வியந்தபோது அக்கா சிரித்தாள். “அம்மா அப்பாகிட்ட எப்ப முன்னிலையில பேசிச்சு? அப்பா இங்க உக்காந்துனு இருப்பாரு, அம்மா தூணைப் பாத்து, ‘சோறு ஆறுதாம், சாப்புட சொல்லு’ன்னு சொல்லும்.” உண்மைதான். என் பெற்றோர் இல்லறம் முழுவதும் படர்க்கையிலேயே நடந்தது.

என்னதான் 95 இருந்தாலும் அந்தப் பட்டியலில் எனக்கு ஒரு குறை. எரிச்சலுக்குப் பாங்கு இல்லை. தமிழ் லெக்சிகனைப் பிரித்தால் ஒவ்வொரு வினைக்கும் பக்கத்தில் திரியும் முறைக்கு ஓர் எண் போட்டிருப்பார்கள். செய்தலுக்கு 1, அறிதலுக்கு 4, அடித்தலுக்கு 11, நடத்தலுக்கு 12. அது வெறும் எலும்புக்கூடு. ‘வா’ என்பதன் பின்னால் நாம் கட்டித் தொங்கவிடுகிற சாமான்களில்தான் உயிர் இருக்கிறது. வந்துவிட்டான் என்றால் நிம்மதி. வந்து பார்த்தான் என்றால் முயற்சி. வந்து தொலைந்தான் என்றால் போதும், வந்தவன் மச்சானா, கடன்காரனா, எத்தனை நாள் தங்குவான் என்பது வரை தெரிந்துவிடும். ‘தொலை’யை இத்தாலியத்தில் சொல்ல முடியுமா என்று ஆசிரியையிடம் கேட்கச் சொன்னேன். கையை வைத்துக் காட்டுவோம் என்று பதில் வந்ததாம். ஆக, அவர்களுக்கு 96-ஆவது வடிவம் விரலில் இருக்கிறது.

இனி அம்மாவின் வழக்கு. எங்களுக்குச் சாலையோரமாகக் கொஞ்சம் நிலம் இருந்தது. கரும்பு போடுவோம். அப்பா அதை விற்று அக்கா கல்யாணத்தை முடித்தார். பிறகு சேலம், உளுந்தூர்ப்பேட்டை நான்குவழிச்சாலை வந்தது. விலை எங்கேயோ போய்விட்டது. அன்றிலிருந்து அம்மா ஒரே வாக்கியத்தைச் சொல்லிவருகிறார்: “அந்த மனுசன் அன்னிக்கு விக்காம இருந்திருந்தா, இன்னிக்கு நாம எங்கியோ இருந்திருப்பம்.” இந்தச் சாலை போகிற எல்லா ஊரிலும், எல்லா வீட்டிலும், ஒரு கிழவியாவது இந்த வாக்கியத்தை வைத்திருப்பார்.

இத்தாலிய இலக்கணத்தின் உச்சி இதுதான். மூன்றாம் வகை நிபந்தனை. நடக்காத இறந்தகாலத்துக்குச் சந்தேகப் பாங்கின் கடைசிக் காலம். அதனால் விளையாத பலனுக்கு நிபந்தனைப் பாங்கின் இறந்தகாலம். அட்டவணையில் இது அக்கா மகளுக்கு ஏறவே இல்லை. புத்தகத்து உதாரணம், ‘குடை எடுத்துப் போயிருந்தால் நனைந்திருக்க மாட்டேன்’ என்பது. யாருக்கு வேண்டும் குடை? “உங்க ஆயா சொல்றதை மாத்துடி” என்றேன். மாற்றினாள். தாத்தா விற்காமல் இருந்திருந்தால்: ஸே இல் நொன்னோ நொன் அவெஸ்ஸே வெந்தூத்தோ. நாங்கள் பணக்காரராக இருந்திருப்போம்: ஸரெம்மோ ஸ்தாத்தி ரிக்கி. ஒரு எழுத்துத் தப்பில்லை. ‘வெந்தூத்தோ’ என்றால் விற்றார் என்பதை அம்மா உடனே புரிந்துகொண்டார். “வெந்துதான் போச்சு, வயிறு.”

மறுநாள் வகுப்பில் இதைச் சொன்னாள். திரையில் ஆசிரியை சற்று நேரம் பேசவில்லை. பிறகு இலக்கணத்தைவிட்டு வேகவேகமாக என்னவோ சொல்ல ஆரம்பித்தாள். கைகள் திரைக்கு வெளியே போய்ப் போய் வந்தன. அம்மா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், “என்னாவாம் அந்தப் பொண்ணுக்கு? ஏன் இப்படி கையை ஆட்டுது?” என்றார்.

“அவங்க தாத்தாவும் ஒலிவத் தோட்டத்தை வித்துட்டாராம் ஆயா. அப்பறமா அந்தப் பக்கம் பெரிய ரோடு வந்துச்சாம். அவங்க பாட்டியும் சாவற வரைக்கும் இதே வாக்கியத்தைத்தான் சொல்லினு இருந்தாங்களாம்.”

அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு உள்ளே வந்து, நாற்காலியை இழுத்துத் திரைக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார்.

“கேளுடி. செண்டு என்னா வெலைக்குப் போச்சாம்?”